தலைவிதியும் தாயின் முதுகும்

நம் நாட்டில் பிறந்த ஒரு குழந்தைக்கு உரிய மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, அல்லது பேச்சு வரவில்லை, அல்லது பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்று ஏற்பட்டுவிட்டால், அக்குழந்தைக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், இது யார் செய்த பாவம் என்று கேட்கிற வழக்கம் இன்றைக்கும் ஒழிந்தபாடில்லை. பாட்டனார் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு சோதிடரிடம் ஓடுகிறார். மாமியார், மருமகள் கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்கிறார். நாத்தனார், அவள் வந்த வேளை அப்படி என்கிறார். பக்கத்து வீட்டார், குலதெய்வக் குற்றம் என்கிறார்கள். கடைசியில் எல்லோரும் ஒன்று சேர்ந்து, “தலைவிதி, அனுபவித்துத்தானே தீரவேண்டும்!” என்று தீர்ப்புக் கூறிவிட்டு, காப்பி குடித்து எழுந்து போய்விடுகிறார்கள். அனுபவிப்பது யார்? தீர்ப்புக் கூறியவர்களில் ஒருவருமில்லை. தாய் ஒருத்திதான்.

தலைவிதி என்பது பொய் என்று நாம் எத்தனையோ மேடைகளில் எவ்வளவோ காலமாகச் சொல்லி வந்திருக்கின்றோம். ஆனால் அது வெறும் பொய் மாத்திரமல்ல, மற்றவர்கள் செய்யவேண்டிய வேலையை ஒருத்தியின் முதுகில் ஏற்றிவிட்டு நழுவிக்கொள்வதற்கான ஓர் உபாயமும் ஆகும் என்பதை நாம் சமீபத்தில்தான் கண்ணாரக் கண்டோம். அதைக் கண்டது ஒரு பக்தர் வீட்டிலல்ல; நம் தோழர் ஒருவர் வீட்டிலேயேயாகும். ஆதலால் இதை ஒளிக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

விசைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரில் ஒரு பொதுக்கூட்டம். நம்மோடு பேசிய உள்ளூர்த் தோழர், தறித் தொழிலாளி, நல்ல பேச்சாளர். விதியையும் கர்மத்தையும் அன்றிரவு அவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். கூட்டம் முடிந்து அவர் வீட்டிலேயே தங்கினோம். அவருக்குப் பதினொரு வயதில் ஒரு மகன். மூளை முடக்குவாதம். உட்காரவைத்தால் சாய்ந்துவிடுவான், பேச்சு இல்லை, சிரிப்பு மாத்திரம் உண்டு. முப்பது கிலோ எடை.

அன்றிரவு நாம் திண்ணையில் படுத்திருந்தும் நமக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அம்மாள் நான்கு தடவை எழுந்தார். தானாகப் புரண்டு படுக்க முடியாத பிள்ளையைப் புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப்புண் வரும். ஒரு தடவை துணி மாற்ற, ஒரு தடவை கால் இழுத்துக்கொண்டு அவன் அழுததற்கு நீவிவிட. விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு. பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டினார். முப்பது கிலோவை ஈரக் கையோடு தூக்குவது எப்படியிருக்கும் என்பதைச் சந்தேகமுள்ளவர்கள் அரை மூட்டை அரிசியைத் தண்ணீரில் நனைத்துத் தூக்கிப் பார்க்கலாம். பிறகு கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி. பிறகு சோறு. குழையப் பிசைந்து, தலையைச் சற்று முன் சாய்த்துப் பிடித்து, ஒரு கவளம் இறங்கியபின் மறு கவளம் என்று முக்கால் மணி நேரம். அவசரப்பட்டால் புரையேறி நெஞ்சுக்குள் போய்விடும். பிறகு வலிப்பு மாத்திரை. அது ஒரு வேளையும் தவறக்கூடாது. இவ்வளவுக்கும் நடுவில் தார் சுற்றுகிற கூலி வேலையும் உண்டு. நம் தோழர் அந்நேரத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நாமும் படித்துக்கொண்டுதானிருந்தோம்.

நாம் ஏதோ ஆறுதலாகச் சொல்ல நினைத்து, “அம்மா, ஊரார் விதி என்று சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்” என்றோம். அதற்கு அந்த அம்மாள் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே, “விதியில்லை என்று நீங்களும் சொல்கிறீர்கள், அவரும் சொல்கிறார், நானும் ஒத்துக்கொண்டேன் அண்ணா. விதியில்லையென்றால் இந்த வேலையில் பாதி யாருடையது என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள்” என்றார்.

நமக்குப் பதில் வரவில்லை. தோழருக்கும் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகின்றோம்.

முதலாவது, கர்மம் என்பதன் யோக்கியதையைச் சிறிது பார்ப்போம். பிள்ளை முன் ஜன்மத்தில் குற்றம் செய்தது என்றால், செய்தவனுக்கே நினைவில்லாத குற்றத்துக்கு, என்ன குற்றமென்று சொல்லாமலே தண்டனை கொடுப்பது எந்த ஊர் நியாயம்? தாய் செய்த பாவம் என்றால், தாய்க்குப் பதிலாகக் குழந்தையின் கால்களை முடக்குவது என்ன நியாயம்? நம்மூர் சாதாரண மாஜிஸ்திரேட் ஒருவர் இப்படித் தீர்ப்பெழுதினால் மேல்கோர்ட்டில் ஒரு நாள் நிற்குமா? மனிதனுடைய கோர்ட்டில் செல்லாத நியாயம் கடவுளுடைய கோர்ட்டில் எப்படிச் செல்லும் என்று கேட்கின்றோம்.

உண்மைக் காரணங்கள் மறைவாக ஒன்றும் இல்லை. மூளை முடக்குவாதமென்பது கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்துக்குள்ளோ வளரும் மூளைக்கு ஏற்பட்ட சேதம். குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் முதலியவை அதற்குக் காரணமாகலாம். டவுன் சிண்ட்ரோம் என்பதை 1866இல் லாங்டன் டவுன் என்ற மருத்துவர் விவரித்தார்; உயிரணுவில் 46 இருக்கவேண்டிய குரோமோசோம்கள் 47 ஆக இருப்பதே காரணம் என்பது 1959இல் வெளியாயிற்று. அது பெரும்பாலும் உயிரணு பிரியும்போது நேருகிற தற்செயல். அதில் சனியும் இல்லை, செவ்வாயும் இல்லை. சொந்தத்திற்குள் கல்யாணம் செய்வதால் சில பரம்பரை நோய்களுக்கு இடம் அதிகமாகிறது என்பதும் மெய்யே. அது மாமன் மகள், அக்காள் மகள் என்று முறை பேசுகிறவர்கள் கல்யாணத்துக்கு முன் யோசிக்கவேண்டிய சங்கதியே ஒழிய, பிள்ளை பிறந்த பிறகு பெற்றவளைக் குத்திக் காட்டுவதற்கான சங்கதியல்ல.

அன்றியும், காரணம் தெரிந்தவிடத்தில் தடுக்கவும் முடிகின்றது. 1941இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, கர்ப்ப காலத்தில் அவர்களுக்கு வந்த ரூபெல்லா என்ற அம்மையே காரணமென்று கண்டுபிடித்தார். அவர் தாய்மாரைக் குற்றம் சாட்டவில்லை. அவர்கள் பேச்சைக் கேட்டார். அதனால் உலகத்துக்குத் தடுப்பூசி கிடைத்தது. 2017 முதல் நம் அரசாங்கமும் தட்டம்மையோடு சேர்த்து அந்த ஊசியைப் போடுகிறது. பிறந்த சிசுவின் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துத் தைராய்டுக் குறைவைக் கண்டுபிடித்துவிட்டால், தினம் ஒரு மாத்திரையால் அக்குழந்தையின் மூளையைக் காப்பாற்றிவிடலாம். அந்த முதல் வாரங்களில் சோதிடர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்கள் இழந்தது என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

நிற்க. சில குறைகளுக்குத் தடுப்புமில்லை, முழுக் குணமுமில்லை. இதை நாம் மறைக்கவில்லை. மூளை முடக்குவாதத்தில் மூளைக்கு நேர்ந்த சேதம் மேலும் வளருவதில்லை. அதே சமயத்தில் அது போவதுமில்லை. ஆனால் தினமும் பயிற்சியில்லாவிட்டால் தசை இறுகி மூட்டு மடங்கிப்போகும். பயிற்சியிருந்தால் ஒரு பிள்ளை நாற்காலியில் உட்காரலாம். இன்னொரு பிள்ளை தன் கையால் உண்ணலாம். அற்புதம் கிடையாது, வேலைதான் உண்டு. அற்புதம் தருகிறேன் என்கிறவன் பணத்தையும் பிள்ளையின் காலத்தையும் ஒருங்கே திருடுகிறவன் ஆவான். நாம் மேலே சொன்ன வீட்டில், பிள்ளையின் முதல் நான்கு வயதுக்குள் பாட்டியின் பிடிவாதத்தால் பரிகாரத்துக்கென்று போனது நாற்பதினாயிரம் ரூபாய். பயிற்சிக்கென்று போனது ஒன்றுமில்லை.

இதில் ஒரு மதத்துக்கு இன்னொரு மதம் சளைத்ததல்ல. மனநோய் வேறு, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறை வேறுதான். என்றாலும் நம்பிக்கை என்பது வைத்தியத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் பார்த்தோம். தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு தனியார் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓடமுடியாமல் 28 பேர் மாண்டார்கள்.

மதவாதிகள்தான் தாயைக் குற்றம் சாட்டினார்கள், மேல்நாட்டுப் படிப்பாளிகள் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆட்டிசம் என்ற நிலைமையை 1943இல் லியோ கன்னர் என்பவர் விவரித்த பிறகு, அது தாயின் அன்புக் குறைவால் வருவது என்று அமெரிக்காவில் ஒரு கொள்கை கிளம்பிற்று. 1967இல் புருனோ பெட்டல்ஹைம் என்பவர் ஒரு பெரிய புத்தகமே எழுதி அதைப் பரப்பினார். எத்தனையோ தாய்மார் அதை நம்பித் தங்களையே வெறுத்தார்கள். அது தப்பு, இது மூளை வளர்ச்சியைப் பற்றிய சங்கதி என்று 1964இலேயே வாதாடியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் மனோதத்துவ நிபுணர் மாத்திரமல்ல, அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தகப்பனார். அக்கொள்கை இன்று செத்துவிட்டது. விஞ்ஞானத்திலும் பெண்ணைப் பழிக்கிற புத்தி புகுந்துகொள்ளும். ஆனால் விஞ்ஞானத்தில் அதைக் கேள்வி கேட்டுத் துரத்தவும் வழியுண்டு. சாஸ்திரத்தில் அந்த வழியைக் காணோம்.

இனி, பழி சொல்வது ஒரு தந்திரமென்றால், புகழ்வது அதைவிடப் பெரிய தந்திரமாகும். “தெய்வக் குழந்தை, இதை வளர்க்கத் தெய்வம் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, நீ தியாகத்தின் உருவம்” என்று சிலர் கண்ணில் நீர் விட்டுப் பேசுகிறார்கள். பேசியவர், “சரி அம்மா, இன்று மாலை இரண்டு மணி நேரம் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு” என்று சொல்லிக் கேட்டதுண்டா? தியாகம் என்று பேர் வைத்துவிட்டால் கூலியும் கேட்கமுடியாது, ஓய்வும் கேட்கமுடியாது. பெண்ணைத் தெய்வமாக்கி மூலையில் உட்காரவைத்த அதே பழைய வித்தைதான் இது. நமக்குத் தெரிந்த தாய்மார் எவரும் தெய்வமாக விரும்பவில்லை. ஓர் இரவு முழுவதும் தூங்க விரும்புகிறார்கள். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிள்ளையோடு போய், பந்தியில் எல்லோரையும் போல் உட்கார விரும்புகிறார்கள். இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்க விரும்புகிறார்கள். இவை பேராசையா?

அரசாங்கத்தின் சங்கதிக்கு வருவோம். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஒப்புக்கொள்கிறது. 40 சதவிகிதமோ அதற்கு மேலோ குறையுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமையென்று சொல்கிறது. அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்பதைப் பற்றியும் பேசுகிறது. தமிழ்நாட்டில் கடுமையான பாதிப்புள்ளவர்களுக்கான மாத உதவித் தொகை 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் பிச்சையல்ல, வரி கொடுக்கிற ஜனங்களின் உரிமை. ஆனால் இரவும் பகலும் பார்க்கிற வேலையை மாதம் 2,000 ரூபாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால், 70 ரூபாய்கூட ஆகவில்லை. இதைப் பிள்ளையின் மருந்துக்கும் துணிக்கும் வைத்துக்கொள்வதா, தாயின் கூலியாக வைத்துக்கொள்வதா?

சட்டத்திலும் இந்த வேலை பெண்ணுடையது என்ற பழைய எண்ணம் ஒளிந்துகொண்டிருக்கிறது. மத்திய அரசாங்கத்தில் வேலை பார்க்கிற பெண்ணுக்குக் குழந்தைப் பராமரிப்புக்கென்று பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. மாற்றுத்திறனாளிப் பிள்ளையானால் வயது வரம்பில்லை. நல்ல காரியந்தான். ஆனால் ஆண்களில் தனியாளாயிருந்து பிள்ளை வளர்ப்பவருக்கு மாத்திரமே அது உண்டு. மனைவியுள்ள தகப்பனுக்குக் கிடையாது. அதாவது, வீட்டில் ஒரு பெண் இருக்கும்போது நீ ஏன் பார்க்கவேண்டும் என்பது அதன் கருத்து. பெண்ணுக்கும் அது எல்லா மாநிலத்திலும் சுலபமாகக் கிடைக்கவில்லை. இமாசலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர் தம் மகனுக்காக இந்த விடுப்பைக் கேட்டு, மறுக்கப்பட்டு, சுப்ரீம் கோர்ட்டு வரை போகவேண்டியிருந்தது. பெண்கள் வேலையில் பங்கு பெறுவது சலுகையல்ல, உரிமை என்று 2024 ஏப்ரலில் அந்தக் கோர்ட்டு சொல்லிற்று. அரசு உத்தியோகத்திலிருப்பவர் கதியே இது என்றால், தார் சுற்றுகிறவளுக்கு விடுப்பு கொடுக்கிறவர் யார்?

ஆனாலும் நாம் நம்பிக்கையிழக்கவில்லை. விதியென்று உட்கார்ந்துவிடாத பெற்றோர் செய்திருப்பதைப் பாருங்கள். 1972இல் பம்பாயில் ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கிய மிது ஆலூர், மூளை முடக்குவாதமுள்ள ஒரு மகளுக்குத் தாய். அந்த மகள் மாலினி சிப் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். சென்னையில் 1985இல் தொடங்கி இன்று வித்யாசாகர் என்ற பேரால் நடந்துவருகிற நிறுவனத்தைத் தொடங்கிய பூனம் நடராஜனும் அப்படிப்பட்ட ஒரு மகனின் தாய்தான். இவர்கள் பரிகாரம் செய்யவில்லை, பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஆனால் படிப்பும் வசதியும் உள்ளவர்கள் கட்டமுடிந்ததை, தினக்கூலிக்காரர் ஒவ்வொருவரும் கட்டமுடியாது. ஆதலால்தான் நாம் அரசாங்கத்தையும், ஊராரையும், முக்கியமாகத் தகப்பன்மாரையும் கேட்கின்றோம்.

எல்லாத் தாய்மாரும் இரவில் நினைத்து அழுகிற ஒரு சங்கதியும் உண்டு. “எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?” இதற்கும் ஆண்டவன் இருக்கிறான் என்று பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆண்டவன் இதுவரை ஒரு பிள்ளைக்கும் சோறு ஊட்டிப் பார்த்தவரில்லை. 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறை உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின் பாதுகாவலரை நியமிக்க, கலெக்டர் உள்ளிட்ட குழு ஒன்று மாவட்டந்தோறும் இருக்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? ராசிபலன் தெரிந்த அளவுக்கு இது தெரிந்திருந்தால் நாட்டில் பாதித் துயரம் குறையும்.

ஆகவே நம் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். நமது சங்கங்கள் ஒவ்வொன்றும் தத்தம் ஊரில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கட்டும். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கூடவே போகட்டும். தாய் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு காகிதக்கட்டையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கமுடியாது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறைப் பயிற்சியாளரும் எந்தெந்த நாளில் வருகிறார்கள் என்பதைத் தெரிந்து, வண்டி வைத்திருக்கிற தோழர் பிள்ளையை ஏற்றிச் செல்லட்டும். பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்கிற தலைமையாசிரியரிடம் நான்கு பேராகப் போய்ச் சட்டத்தைப் படித்துக் காட்டட்டும். வாரத்தில் ஒரு மாலையாவது அந்தத் தாய்க்கு ஓய்வு கிடைக்கும்படி முறை போட்டுக்கொள்ளட்டும். இதற்குப் பணமே வேண்டியதில்லை.

எல்லாவற்றிற்கும் முன்னால், அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற ஆண் தோழர்கள் தங்கள் பங்கைத் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும். நான் சம்பாதிக்கிறேனே என்பார்கள். அவளுந்தான் தார் சுற்றுகிறாள். எனக்கு ஊட்டத் தெரியாது என்பார்கள். அவளும் வயிற்றிலிருந்து கற்றுக்கொண்டு வரவில்லை, பழகித்தான் தெரிந்துகொண்டாள். விதியில்லை என்று வாயால் சொல்லிக்கொண்டு, விதியிருந்தால் எப்படி நடக்குமோ அப்படியே வீட்டை நடத்துகிறவர், மேடையில் மாத்திரம் பகுத்தறிவாளரே ஒழிய வீட்டில் பழைய வைதிகரேயாவார். இதை நாம் நமக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கின்றோம். அன்று காலை நாமும் பத்திரிகையைக் கீழே வைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே ஊரில் மறுபடியும் ஒரு கூட்டம். நம் தோழர் அரை மணி நேரம் பிந்தி வந்தார். சட்டையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. பையனுக்கு இரவுச் சாப்பாடு இப்போது தம் பொறுப்பென்றும், அதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறதென்றும், இரவில் புரட்டிப் போடுவதில் இரண்டு முறை தம்முடையதென்றும் சொல்லி, இனிமேல் கூட்டத்தை எட்டு மணிக்குத் தொடங்கும்படி கேட்டுக்கொண்டார். அப்படியே தொடங்குவதாக ஒப்புக்கொண்டோம். மற்ற ஊர்த் தோழர்களுக்கும் இதே காரணத்தால் கூட்டம் பிந்துமானால், நமக்கு அதில் கடுகளவும் வருத்தமில்லை.